கம்பெனிக் கணக்குத் தாளுக்கு 18,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு. இப்போது அரசுக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. முதல் ஆண்டுக் கணக்கியல் தாள்களை எப்படியோ தேறிவிட்டாள். இந்த செமஸ்டரில் வந்துள்ள கார்ப்பரேட் அக்கவுண்டிங் தாளில், கல்லூரி வைத்த முதல் தேர்விலேயே தோற்றுவிட்டாள். பங்கு ஒறுப்பிழப்பு என்ற பாடம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்று அழுகிறாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சி மையத்தில் 45 நாளில் பாஸ் உறுதி, கூடவே சி.ஏ. இன்டருக்கும் பதிவு செய்து தருகிறோம் என்று 18,000 ரூபாய் கேட்கிறார்கள். 2,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா ஐயா?

பதில்: கட்டாதீர்கள். காரணம் சொல்வதற்கு முன் ஒன்று. உங்கள் மகள் தோற்றது அவள் மூளையில் உள்ள குறையால் அல்ல. பிளஸ் டூவில் தவளையையும் தாவரத்தையும் படித்த பிள்ளையை பி.காம்.மில் சேர்த்துக்கொண்டார்கள். பற்று எது, வரவு எது என்று சொல்லித்தர ஒரு மாதம் தனியாக ஒதுக்கினார்களா? இல்லை. கௌரவ விரிவுரையாளர் வந்து சேர்வதற்குள் செமஸ்டரில் பாதி ஓடிவிடும். மீதிப் பாதியில் ஐந்து அலகுகளையும் ஓட்டியாக வேண்டும். முப்பது ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியவன் நான். ஒவ்வொரு ஜூலையிலும் இதே கதையைத்தான் பார்த்தேன். கூட்டத்தில் எழுந்து சொன்னால் ‘பாடத்திட்டக் குழுவுக்கு எழுதுங்கள்’ என்பார்கள். எழுதினேன். போகட்டும்.

உங்கள் மகளுக்கு விட்டுப்போனது பள்ளியின் இரண்டு ஆண்டுகள். அதைப் பிடிக்க 18,000 ரூபாய் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் 11, 12ஆம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகங்கள் இருக்கின்றன. 2018, 2019இல் புதிதாக எழுதப்பட்டவை. தமிழிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். 11ஆம் வகுப்புப் புத்தகத்தில் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு இந்த மூன்றை மட்டும் பத்து நாள் போடட்டும். பிறகு நேராக 12ஆம் வகுப்பு ஏழாவது அத்தியாயம், நிறுமக் கணக்குகள். அவள் அழும் ஒறுப்பிழப்பு அங்கேதான் இருக்கிறது, கல்லூரிப் புத்தகத்தைவிடத் தெளிவாக.

அதற்கும் முன்னால் நீங்களே அவளுக்குச் சொல்லித்தரலாம். சிரிக்காதீர்கள். ஒறுப்பிழப்பு, அதாவது பேசிய பணத்தை முழுதாகக் கட்டாதவரின் உரிமையைப் பறிப்பது, உங்கள் தொழிலில் தினமும் நடப்பது.

ஒரு பெங்களூரா மாந்தோப்பு, 100 மரம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று மரத்துக்கு 1,000 ரூபாய் என்று குத்தகை பேசியதாக வைத்துக்கொள்வோம். குத்தகைக்காரர் மரத்துக்கு 700 வீதம் 70,000 கொடுத்துவிட்டார். காய் திரளும் நேரத்தில் மீதி 300 கொடுக்க முடியாமல் கையை விரித்துவிட்டார். பேச்சுப்படி அவருக்குத் தோப்பும் இல்லை, 70,000மும் இல்லை. தோப்புக்காரர் வேறு ஆளைத் தேடுகிறார். காய் முற்றுகிற அவசரம். மரத்துக்கு 800தான் கிடைக்கிறது. பேசிய விலையில் 200 குறைவு. தோப்புக்காரர் கவலைப்படுவாரா? முதல் ஆளின் 700 கையில் இருக்கிறதே. அதில் 200 போனாலும் மரத்துக்கு 500 மிச்சம்.

இனி மரத்தை எடுத்துவிட்டுப் பங்கை வையுங்கள். 10 ரூபாய்ப் பங்கு 100. வாங்கியவர் 7 ரூபாய் வரை கட்டிவிட்டு, கடைசி அழைப்பான (கம்பெனி கேட்கும் தவணைக்கு அழைப்பு என்று பெயர்) 3 ரூபாயைக் கட்டவில்லை. கம்பெனி பங்கைப் பறித்துக்கொள்கிறது. பங்கு முதல் (ஷேர் கேப்பிட்டல்) கணக்குக்குப் பற்று 1,000. இறுதி அழைப்புக் கணக்குக்கு வரவு 300. ஒறுப்பிழப்புக் கணக்குக்கு வரவு 700. அதே பங்கை 8 ரூபாய்க்கு மறுவெளியீடு செய்தால் வங்கிக்குப் பற்று 800, ஒறுப்பிழப்புக்குப் பற்று 200, பங்கு முதலுக்கு வரவு 1,000. மிச்சம் 500 முதலினக் காப்புக்கு (கேப்பிட்டல் ரிசர்வ்) போகும். இந்த 500 வியாபாரத்தில் வந்த லாபம் அல்ல. அதனால்தான் லாப நட்டக் கணக்குப் பக்கமே அது போவதில்லை.

இங்கே மாணவர்கள் மோதிக்கொள்ளும் ஒரு சுவர் உண்டு. கம்பெனி தன் பங்கைத் தள்ளுபடியில் வெளியிடக் கூடாது என்று 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 53ஆம் பிரிவு சொல்கிறது. பிறகு 10 ரூபாய்ப் பங்கை 8க்குக் கொடுத்தது எப்படி? மறுவெளியீட்டில் அந்தப் பங்குக்கு முதல் ஆளிடமிருந்து 7 ரூபாய் ஏற்கெனவே வந்துவிட்டது. அந்த 7 ரூபாய் வரை விலையைக் குறைக்கலாம். அதாவது 3 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது. இதைப் புரியாமல், தேர்வறையில் ‘கணக்கே தவறு’ என்று எழுதிவைத்துவிட்டு வந்த பையன் ஒருவனை எனக்குத் தெரியும்.

இதைவிடப் பெரிய பொறி இன்னொன்று. வினாத்தாள் எழுதுகிறவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும் என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். பறித்த 100 பங்குகளில் 60ஐ மட்டும் மறுவெளியீடு செய்தால்? பத்தில் ஏழு பேர் 700இலிருந்து 60 பங்குக்கான குறைவு 120ஐக் கழித்து, 580ஐ அப்படியே முதலினக் காப்பில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். தோப்புக்கு வாருங்கள். 60 மரத்துக்குத்தான் புது ஆள் கிடைத்திருக்கிறார். மீதி 40 மரத்தில் காய் தொங்குகிறது. அது என்ன விலைக்குப் போகுமோ யார் கண்டார்? முதல் ஆள் அந்த 40 மரத்துக்குக் கொடுத்த 28,000ஐ இப்போதே லாபம் என்று எந்த மண்டிக்காரராவது பெட்டியில் எடுத்து வைப்பாரா? நாளைக்கு மழையில் காய் கொட்டிப்போனால்? கம்பெனியும் அப்படித்தான். 60 பங்குக்கு உரிய ஒறுப்பிழப்பு 420. அதில் குறைவு 120 போக 300 மட்டும் முதலினக் காப்பு. 40 பங்குக்கு உரிய 280 ஒறுப்பிழப்புக் கணக்கிலேயே காத்திருக்கும். இருப்புநிலைக் குறிப்பில் (பேலன்ஸ் ஷீட்) பங்கு முதலோடு சேர்த்துக் காட்ட வேண்டும். அந்த 40ஐ ஒருநாள் 3 ரூபாய்க்கே தள்ளிவிட நேர்ந்தால், பங்குக்கு 7 வீதம் 280மும் அதற்கே சரியாகப் போய்விடும். 580ஐ முன்பே காப்புக்குக் கொண்டுபோனவர் அன்றைக்கு எதைப் பற்று வைப்பார்? உங்கள் மகளிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அவள் பதில் சொல்லிவிட்டால் இந்தப் பாடம் முடிந்தது. முனைமத்தில், அதாவது 10 ரூபாய்ப் பங்கை அதற்கு மேல் கூடுதல் தொகை வைத்து, வெளியிட்ட பங்கு என்றால், முனைமம் கைக்கு வந்துவிட்டதா இல்லையா என்று மட்டும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இருபக்கமும் ஒட்டாத கணக்குக்கு உங்கள் கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்த வைத்தியம்தான். வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை எங்காவது பக்கம் மாறி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் 54ஐ 45 என்று எழுதிய மாதிரி இலக்கம் புரண்டிருக்கலாம்.

அடுத்தது கைடு. இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் கைடுகளில் பல, 1956ஆம் ஆண்டுப் பழைய கம்பெனிகள் சட்டத்தின் காலத்தவை. அட்டை மட்டும் புதிதாக இருக்கும். வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள்: அழைப்பு நிலுவைக்கு வட்டி 5 விழுக்காடு, முன்கூட்டிக் கட்டிய அழைப்புக்கு 6 விழுக்காடு என்று போட்டிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். இப்போதைய சட்டத்தின் எஃப் அட்டவணைப்படி அவை 10, 12. தள்ளுபடியில் பங்கு வெளியீடு என்று ஒரு முழுத் தலைப்பே இருந்தாலும் அது பழசுதான். இருப்புநிலைக் குறிப்பை இடம் பொறுப்பு, வலம் சொத்து என்று போட்டிருக்கிறதா? கம்பெனிக்கு அந்தப் படிவம் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாம் அட்டவணைப்படி மேலிருந்து கீழாக வர வேண்டும்.

இனி அந்த மையம். ‘பாஸ் உறுதி’ என்று எவர் சொன்னாலும், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். பாடத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நானே முப்பது ஆண்டில் ஒரு மாணவனுக்குக்கூட அப்படிச் சொன்னதில்லை. ‘பேப்பர் திருத்துகிற இடத்தில் நமக்கு ஆள் இருக்கிறார்’ என்று குரலைத் தாழ்த்தினால், எழுந்து வந்துவிடுங்கள். தேர்வு முடிந்தபின் மறுமதிப்பீட்டில் மதிப்பெண் ஏற்றித் தருகிறேன் என்று வரும் ஆட்களும் இதே இனம். மறுமதிப்பீட்டுக்கு மாணவி தானே விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் போதும். அசல் மதிப்பெண் பட்டியலை எந்த மையத்திலும் கொடுக்காதீர்கள். பென்னாகரத்துப் பையன் ஒருவன் கொடுத்துவிட்டு, பாதியில் நின்றபோது முழுக் கட்டணத்தையும் கட்டித்தான் அதை மீட்டான்.

சி.ஏ. இன்டர் பதிவு என்பது அப்பட்டமான புளுகு. சி.ஏ.வின் முதல் நிலையான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேரடியாக அடுத்த நிலையான இன்டருக்குப் போக வேண்டுமானால் வணிகவியல் பட்டத்தில் 55 விழுக்காடு வேண்டும். உங்கள் மகள் இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள்; எந்தப் பட்டத்தைக் காட்டுவார்கள்? பதிவையும் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் இணையதளத்தில் மாணவியே செய்துகொள்ளலாம், நடுவில் ஆள் தேவையில்லை. பாடப் புத்தகங்களும் அங்கே இலவசம். ஆசை இருந்தால் பட்டம் முடியட்டும். இன்டரின் முதல் தாளே அட்வான்ஸ்டு அக்கவுண்டிங். இப்போது அழும் பாடம் அங்கே இன்னும் பெரிதாக உட்கார்ந்திருக்கும்.

தேர்வுக்கு ஒரே ஒரு யோசனை: விடையின் ஓரத்தில் செய்முறைக் குறிப்புகளைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கடைசி எண் தப்பினாலும், வழி சரியாக இருந்தால் திருத்துகிறவர் மதிப்பெண் போட இடம் இருக்கும். நான் போட்டிருக்கிறேன். வெறும் எண்ணை மட்டும் எழுதித் தப்பாக்கியவருக்கு எதைப் பார்த்துப் போடுவது?

கொடுத்த 2,000க்கு ரசீது வாங்கியிருந்தால் நேரில் போய்த் திருப்பிக் கேளுங்கள். தர மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதை மீட்பதற்காக மீதி 16,000ஐக் கட்டிவிடாதீர்கள். உங்கள் சிட்டையில் அதை நட்டம் என்று எழுதிவிட்டு, அந்த மையத்துக்காரர் தன் ஏட்டில் இந்த 2,000ஐ எந்தக் கணக்கில் வரவு வைப்பார் என்று மகளைக் கேளுங்கள்.