வாரண்டி முடிந்த பிராசஸரை ஓவர்க்ளாக் செய்யலாமா?

கேள்வி: என்னிடம் ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம் இருக்கின்றன. கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில். வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. "வோல்டேஜை ஏற்றி எல்லா கோரையும் 4.2 கிகாஹெர்ட்ஸில் ஓட்டு, ரெண்டரிங் பறக்கும்" என்கிறான் நண்பன். செய்யலாமா?
– வாசகர், மதுரை

பதில்: ஓவர்க்ளாக், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் பிராசஸரை ஓட்டுவது, செய்யலாம்தான், ஆனால் தொழில் பார்க்கும் மெஷினில் வேண்டாம்.

உங்கள் பிராசஸரின் அடிப்படை வேகம் 3.6 என்றாலும் தேவைப்படும்போது ஒரு கோர் (பிராசஸருக்குள் தனியாகக் கணக்கிடும் பகுதி) தானாகவே 4.2 வரை போகும். ரெண்டரில், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோ ஃபைலாக மாற்றும்போது, எல்லா கோரும் 3.9ல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 4.2க்குத் தள்ளிக் கிடைப்பது 8 சதவீதம்கூட இல்லை, பத்து நிமிட ரெண்டரில் முக்கால் நிமிடம் மிச்சம், அவ்வளவுதான். 1998ல் வந்த இன்டெல்லின் 300 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரான செலரான் 300ஏ கதையே வேறு. பஸ் வேகத்தை (பிராசஸரை மதர்போர்டோடு இணைக்கும் பாதையின் வேகம்) 66லிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினாலே பலருக்கு அது 450ல் ஓடியது. இன்று அந்த மிச்ச வேகத்தைக் கம்பெனியே பூஸ்ட் என்ற பெயரில் பெரும்பாலும் எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

சரி, இதற்குக் கொடுக்கும் விலை? மின்செலவு வேகத்துக்கும் வோல்டேஜின் வர்க்கத்துக்கும் ஏற்பக் கூடும். 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கி அந்த 8 சதவீதத்தை வாங்கினால் மின்சாரமும் வெப்பமும் சுமார் 36 சதவீதம் ஏறும், அதைப் பெட்டியோடு வந்த சின்ன கூலர் மதுரை மே மாதத்தில் தாங்க வேண்டும். சிப் ஒரே நாளில் எரிந்துவிடாது, மெல்ல மெல்லத் தேயும். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் கூடுதல் வோல்டேஜால் கோளாறு வந்து, 2024ல் வாரண்டியையே 2 ஆண்டு நீட்டினார்கள். அவற்றில் பல, யாரும் ஓவர்க்ளாக் செய்யாதவை.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் சத்தமில்லாமல் வரும் பிழைதான். கணினி ஹேங் ஆனால் தெரிந்துவிடும், ஆனால் முகூர்த்தக் காட்சியில் நாலு ஃபிரேம் கெட்டுப்போயிருப்பதோ, காப்பி செய்த ஃபைலில் ஒரு பகுதி மாறியிருப்பதோ டெலிவரி கொடுத்த பிறகுதான் தெரியும். வாரண்டி இருந்தாலும் முடிந்தாலும் அந்த ஃபுட்டேஜ் திரும்பி வராது.

முதலில் டாஸ்க் மேனேஜரில் ராம் வேகத்தைப் பாருங்கள். 3200 ராம் வாங்கிவிட்டு 2133லோ 2400லோ ஓட்டுகிறவர்கள் ஏராளம். பயாஸில் (கணினி ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பியை, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, ஆன் செய்தால் போதும், இந்த பிராசஸருக்கு 3200 அதிகாரபூர்வ அளவுதான். 16 ஜிபியும் ஒரே ஸ்டிக்காக இருந்தால், அதே மாதிரி இன்னொன்று போடுங்கள். அப்புறம் ஒரு நல்ல டவர் கூலர். வெப்பம் குறைந்தால் பூஸ்ட் தானாகவே கூடுதல் நேரம் நிற்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஆசை விடவில்லையென்றால், முகூர்த்த சீசன் முடிந்ததும், ஃபுட்டேஜ் இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு முயலுங்கள். வோல்டேஜைத் தொடாமல் வேகத்தை மட்டும் 25 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றி, ஒவ்வொரு முறையும் பிராசஸரைச் சோதிக்கும் பிரைம்95 சாஃப்ட்வேரை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் பின்வாங்கிவிடுங்கள்.