ட்ரெயின் போல்ட் மரை போனால் எஞ்சினை இறக்க வேண்டுமா?

கேள்வி: என் ஏடிவியில் (கரடுமுரடான பாதைக்கான நான்கு சக்கர வண்டி) ஆயில் மாற்றிவிட்டு, ஆயில் வடிக்கும் ஓட்டையை மூடுகிற ட்ரெயின் போல்ட்டை இறுக்கும்போது திடீரென்று பிடி விட்டுப்போனது. இப்போது எவ்வளவு திருகினாலும் சும்மா சுற்றுகிறது, சொட்டுச் சொட்டாக ஆயில் கசிகிறது. ஒர்க்‌ஷாப்பில் கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பகுதி உறை) போய்விட்டது, எஞ்சினை இறக்கிப் பிரித்து மாற்ற வேண்டும் என்கிறார்கள். உதிரிபாகம் விற்பவர், சற்றே பெரிய சைஸ் போல்ட் ஒன்று இருக்கிறது, அது தானே மரை வெட்டிக்கொண்டு ஏறிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. அந்தப் பெரிய போல்ட்டும் வேண்டாம். கெட்டுப்போன மரையை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு எஃகு புஷ் (உள்ளும் புறமும் மரை உள்ள சின்னக் குழல்) வைத்து, உங்கள் பழைய அளவு போல்ட்டையே திரும்பப் போட முடியும். எஞ்சின் வண்டியிலேயே இருக்க, கீழிருந்து செய்கிற வேலை இது. கைப்பழக்கம் உள்ள ஆளுக்கு அரை நாள் போதும்.

அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். சொட்டுதானே, அவ்வப்போது ஆயில் ஊற்றிக்கொண்டு ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். பிடியில்லாத போல்ட் மேடுபள்ளத்தில் அதிர்ந்து அதிர்ந்து ஒரு கட்டத்தில் விழுந்துவிடும். கீழே ஸ்கிட் பிளேட் (அடிப்பக்கத்தைக் காக்கும் தகடு) மறைத்திருப்பதால் ஆயில் கொட்டுவது மேலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. சில வண்டிகளில் ஆயில் பிரஷர் விளக்கே கிடையாது. விளக்கு இருந்தாலும், அது எரிந்து நீங்கள் கவனிப்பதற்குள் உள்ளே உரசல் தொடங்கியிருக்கும். அப்புறம் நிஜமாகவே எஞ்சினை இறக்க வேண்டி வரும்.

இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால்தான் திரும்ப நடக்காது. போல்ட் எஃகு, கிராங்க்கேஸ் அலுமினியம். இரண்டும் மோதினால் தோற்பது எப்போதும் அலுமினியம்தான். ஆயில் கசியாமல் தடுப்பது மரை இல்லை, போல்ட் தலைக்கு அடியில் இருக்கும் வாஷர். பெரும்பாலும் அது செம்பிலோ அலுமினியத்திலோ செய்தது, ஒருமுறை நசுங்கி உட்காருவதற்கென்றே இருப்பது. அதை மாற்றாமல் பழையதையே போட்டால் லேசாகக் கசியும். கசிகிறதே என்று இன்னும் கால் சுற்று இறுக்குவார்கள். அடுத்த ஆயில் மாற்றத்திலும் அதே கதை. ஒவ்வொரு முறையும் அலுமினிய மரை கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டு, கடைசியில் யார் கையில் விடுகிறதோ அவர் தலையில் பழி விழும். போதாக்குறைக்கு ஸ்கிட் பிளேட்டைக் கழற்றச் சோம்பல்பட்டு, அதிலிருக்கும் ஓட்டை வழியாகச் சேறும் மண்ணுமாக ஸ்பேனரைக் கோணலாக விட்டு போல்ட்டை ஏற்றுகிறவர்கள் நிறைய. உங்கள் கையில் விட்டது என்பதற்காக நீங்கள் மட்டும் காரணமில்லை.

ஒர்க்‌ஷாப்பில் கிராங்க்கேஸை மாற்றச் சொன்னது முழுக்க ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். பாதி சோம்பேறித்தனம், பாதி அமைப்பின் கோளாறு. வண்டிக் கம்பெனியின் உதிரிபாகப் பட்டியலில் அந்த மரைக்கென்று தனியாக எதுவும் இருக்காது. கிராங்க்கேஸின் பாதி என்றுதான் ஒரு எண் போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டரில் என்ன வருகிறதோ அதுதான் வைத்தியம் என்று பழகிவிட்டார்கள். ஆயிரம் முறை திறந்து மூடப்போகிற ஓட்டையில் தொழிற்சாலையிலேயே ஒரு எஃகு புஷ் வைத்து அனுப்பினால் இந்தத் தொல்லையே இல்லை. வெறும் அலுமினியத்தில் மரை வெட்டி அனுப்புகிறார்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற எண்ணை ஓட்டுநர் கையேட்டில் எளிதாகக் கண்ணில் படும்படி போடக்கூட சில கம்பெனிகளுக்கு மனம் வருவதில்லை. அது சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதைத் தனியாக வாங்க வேண்டும்.

கேஸ் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று திரும்பவும் சொன்னால், விரிசலைக் காட்டச் சொல்லுங்கள். போல்ட் ஓட்டையைச் சுற்றியுள்ள தடித்த பகுதியில் விரிசல் ஓடியிருந்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இல்லையென்றால் வண்டியை ஓட்டாமல் ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இப்போது அந்தப் பெரிய போல்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் கெட்டுப்போன கிராங்க்கேஸ்களில் முக்கால்வாசி இதனால்தான் மீட்க முடியாத நிலைக்குப் போயிருக்கும். தானே மரை வெட்டும் போல்ட்டுக்கு நேராக ஏற வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. முதல் சுற்றில் எந்தக் கோணத்தில் கடித்ததோ அதே கோணத்தில் போகும். கோணலாக ஏறினால் வாஷர் ஒரு பக்கம் மட்டும் உட்காரும், மறுபக்கம் கசியும். கசிவதால் மேலும் இறுக்குவீர்கள். ஏற்கெனவே பலவீனமான சுவரை அந்த போல்ட் உள்ளிருந்து ஆப்பு மாதிரி விரிக்கிறது. கேஸ் பிளப்பது இப்படித்தான். வெட்டிய துகள்கள் எல்லாம் எஞ்சினுக்குள் போகும், அதைப் பற்றி விற்பவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். இவ்வளவும் ஆன பிறகு புஷ் வைக்க வந்தால், சுற்றிலும் உலோகம் மிச்சமிருக்காது.

அவரிடம் இன்னொரு பொறியும் இருக்கும். ட்ரெயின் போல்ட் என்று கேட்டால் விட்டத்தை மட்டும் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். 12 மில்லிமீட்டர் போல்ட்டில் மரை இடைவெளி 1.5 என்றும் வரும், 1.25 என்றும் வரும். தவறானது ஓரிரு சுற்று சுலபமாக ஏறி, பிறகு இறுக்கம் காட்டும். நன்றாகப் பிடிக்கிறது என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டால், இருக்கிற மரையும் சேர்ந்து போகும். எந்த ட்ரெயின் போல்ட்டும் கடைசிவரை விரலாலேயே ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் நிறுத்துங்கள்.

டெஃப்லான் டேப், சிலிக்கான், எபாக்சி பசை பற்றிக் கேட்காதீர்கள். பழைய வண்டியைக் கைமாற்றி விடுகிறவர்களுக்கு உதவுகிற சாமான்கள் அவை. தரகர் வழியாக ஏடிவி வாங்குபவர்கள் குனிந்து பார்க்க வேண்டிய முதல் இடமே ட்ரெயின் போல்ட். தலையைச் சுற்றிச் சாம்பல் நிறப் பசை தெரிந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

சரி, புஷ் வேலைக்கு வருவோம். இரண்டு வகை உண்டு. ஹெலிகாயில் என்பது சுருள் கம்பி. சுவர் தடிமனான எஃகு புஷ் என்பது வேறு. ஹெலிகாயில் பல இடங்களில் அருமையான தீர்வு. ஆனால் அடிக்கடி கழற்றி மாட்டும் ட்ரெயின் போல்ட்டில், சுருள் சரியாகப் பிடிக்காவிட்டால் போல்ட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும், சுருளின் வெளிப்பக்கமாக ஆயில் ஏறி வரவும் வழி உண்டு. அதனால் இந்த இடத்துக்கு நான் புஷ்ஷைத்தான் சொல்வேன். வெளிப்பக்க விளிம்பில் சின்னக் காலர் உள்ள புஷ் கிடைத்தால் நல்லது. அது உள்ளே இழுத்துக்கொண்டு போகாது.

நீங்களே செய்ய வேண்டாம். துளை செங்குத்தாக இருக்க வேண்டும், கீழே படுத்துக்கொண்டு கையால் பிடித்த டிரில்லில் அது வராது. செய்கிறவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். துளை நேராகப் போக என்ன வழிகாட்டி வைக்கிறார்? மரை வெட்டும் கருவியான டேப்பில் கெட்டியாகக் கிரீஸ் தடவி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்துத்தான் மரை வெட்டுவாரா? முடிந்ததும் போல்ட் போடாமல் மேலிருந்து புது ஆயிலை ஊற்றி உள்ளே கழுவி விடுவாரா? “காந்தம் வைத்து எடுத்துவிடுவேன்” என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். அலுமினியத் துகளைக் காந்தம் பிடிக்காது. பசை போட்டுப் புஷ்ஷை உட்கார வைக்கிறார் என்றால், அதற்கு முன் ஆயில் பிசுக்கு சுத்தமாகப் போக வேண்டும், பசை காய நேரமும் விட வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள். புஷ்ஷின் விளிம்பு கேஸின் முகத்தை விட ஒரு மயிரிழை கூட வெளியே நீட்டக் கூடாது, நீட்டினால் வாஷர் உட்காராது.

புஷ் இல்லாமலே தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் பார்க்காமல் துளை போடுவது முட்டாள்தனம். சில கேஸ்களில் மரை உள்ளே ஆழமாகப் போகும், கம்பெனி போல்ட் குட்டையாக இருப்பதால் வாய்ப்பக்கம் உள்ள மரை மட்டுமே வேலை செய்திருக்கும். உள்ளே மீதி மரை புத்தம் புதிதாக இருக்கும். ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். நுனியை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் நல்ல மரை டிக் டிக்கென்று தட்டும், போன மரையில் வழுக்கும். ஐந்தாறு நல்ல மரையாவது தட்டுப்பட்டால், அதே விட்டம், அதே மரை இடைவெளி, சற்று நீளமான போல்ட் போட்டுப் பார்க்கலாம். எவ்வளவு நீளம் என்பதில்தான் கவனம் வேண்டும். வாஷருக்குக் கீழே பழைய போல்ட் எவ்வளவு நீளம், கேஸில் துளை எவ்வளவு ஆழம், இரண்டையும் அளந்து வித்தியாசம் பாருங்கள். அதற்கு மேல் போனால் போல்ட் நுனி உள்ளே எதிலாவது முட்டும். வாஷர் உட்காரும் முன்பே நுனி முட்டி நின்றால் கைக்கு நன்றாக இறுகிவிட்ட மாதிரியே தோன்றும், ஆனால் கசியும். நீங்கள் இன்னும் இறுக்குவீர்கள், மிச்ச மரையும் போகும். அதனால் முதலில் வாஷர் இல்லாமல் விரலால் ஏற்றிப் பாருங்கள், தலை கேஸைத் தொட வேண்டும். தொடாமல் நின்றால் அந்த போல்ட் வேண்டாம். உள்ளே வடிகட்டி வலையும் ஸ்பிரிங்கும் அதே மூடிக்குப் பின்னால் இருக்கிற எஞ்சினில் இந்த யோசனையே வேண்டாம்.

எந்த வழியில் சரிசெய்தாலும், இனிமேல் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புது வாஷர். காற்றழுத்தத்தால் போல்ட் இறுக்கும் ஏர் கன்னை அந்தப் பக்கம் வரவிடாதீர்கள். டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பல வண்டிகளில் அது 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். நம் ஆட்கள் நீளமான ஸ்பேனரால் கொடுக்கிற அழுத்தத்தோடு ஒப்பிட்டால் அது நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. நீள போல்ட் போட்டவர்கள் அந்த எண்ணுக்கும் கொஞ்சம் கீழேயே நிறுத்திக்கொள்ளலாம். முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் ஆறியதும் அடியில் ஒரு வெள்ளைக் காகிதம் போட்டு இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் கறை இருந்தால் இறுக்காதீர்கள். ஆயிலை வடித்து வாஷரைக் கழற்றி, அது எந்தப் பக்கம் நசுங்கவில்லை என்று பார்த்து, அதை வேலை செய்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.