டிஸ்ப்ளே மெட்டீரியல் வேலைக்கு ஆசைப்படும் மகளை எந்தக் கோர்ஸில் சேர்ப்பது?

டிவி, லேப்டாப் திரைக்குள் இருக்கும் லிக்விட் கிரிஸ்டல் (திரவம்போல் ஓடும், ஆனால் மூலக்கூறுகள் ஒரே திசையில் ஒழுங்காக நிற்கும்) பொருட்களை வடிவமைக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்று உங்கள் மகள் சொல்கிறாள், அப்படியென்றால் ஈசிஇ சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. ஈசிஇ படித்தால் திரையை இயக்கும் சர்க்யூட்டைப் படிப்பாள். உள்ளே இருக்கும் அந்தத் திரவத்தை உண்டாக்குவது கெமிஸ்ட்ரி படித்தவர்கள் வேலை, அதிலும் குறிப்பாக ஆர்கானிக் கெமிஸ்ட்ரி.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் பிள்ளைக்குப் பொருந்துமா என்று முடிவு செய்ய முடியும். 1968-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் லிக்விட் கிரிஸ்டலை வைத்துத் திரை செய்யலாம் என்று காட்டிவிட்டது, ஆனால் அன்றைக்குக் கையில் இருந்த பொருட்கள் சரியில்லை. சில நல்ல சூட்டில்தான் வேலை செய்தன, அறை வெப்பத்தில் வேலை செய்தவையோ ஈரம் பட்டதும் சிதைந்தன. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜார்ஜ் கிரே, மூலக்கூறு எந்த இடத்தில் உடைகிறது என்று பார்த்தார்: இரண்டு பென்சீன் வளையங்களுக்கு (ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்த வளையம்) நடுவே இருக்கும் இணைப்பில். சரி, அந்த இணைப்பே வேண்டாம் என்று வளையங்களை நேரடியாகச் சேர்த்து, ஒரு முனையில் சயனோ தொகுதியும் (ஒரு கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்தது) மறுமுனையில் ஐந்து கார்பன் கொண்ட வாலும் வைத்தார். 1972-இல் அவர் குழு செய்த 5சிபி என்ற அந்தப் பொருள், ஈரத்துக்கும் வெளிச்சத்துக்கும் அசையவில்லை. ஒரே குறை, ஏறத்தாழ 23 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரைதான் அது லிக்விட் கிரிஸ்டலாக இருக்கும். குளிர்நாட்டில் கையில் கட்டும் கடிகாரத்துக்கு அது எப்படிப் போதும்? அதனால் அதே குடும்பத்து மூலக்கூறுகள் இன்னும் மூன்றைக் கணக்குப் பார்த்துக் கலந்து ஈ7 என்ற கலவையைச் செய்தார்கள், அது மைனஸ் 10-லிருந்து 60 டிகிரி வரை தாங்கியது. இன்றைக்கும் ஒரு டிவி பேனலுக்குள் இருப்பது தனி ஒரு பொருள் கிடையாது, பத்துக்கும் மேற்பட்டவற்றின் கலவைதான்.

அப்புறம் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு குட்டி டிரான்சிஸ்டர் வைத்த டிஎஃப்டி திரைகள் வந்தபோது அதே சயனோ தொகுதியே தொல்லையானது. இந்தத் திரையில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு முறை சார்ஜ் வாங்கினால் அடுத்த முறை வரும்வரை அதைக் கசியவிடாமல் வைத்திருக்க வேண்டும். சயனோ, கலவையில் இருக்கும் துளியளவு அயனிகளையும் பிடித்து வைத்துக்கொள்வதால் சார்ஜ் கசிந்து படம் மினுக்கியது. அந்த இடத்துக்கு ஃபுளோரின் வந்தது. அது சிறிய அணு, அயனிகளை அவ்வளவாகச் சேர்க்காது, திரவத்தையும் பெரிதாகக் கெட்டியாக்காது. கெட்டியானால் என்ன என்று கேட்டால், மூலக்கூறுகள் மெதுவாகத் திரும்பும், கிரிக்கெட் பந்துக்குப் பின்னால் நிழல் இழுக்கும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும், அதைச் சரிசெய்யப் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும், இதுதான் அன்றாட வேலை. இந்த மாதிரி விஷயத்தைச் சொன்னால் உங்கள் மகள் கண் விரிந்து அடுத்த கேள்வி கேட்கிறாளா என்று பாருங்கள். ரியாக்‌ஷன் போடுவது, கிடைத்த கலவையைக் கண்ணாடிக் குழாயில் (column) ஓட்டிப் பிரிப்பது, வந்தது சரியான மூலக்கூறுதானா என்று என்எம்ஆர் கருவியில் பார்ப்பது, மறுபடி சுத்தம் செய்வது என்று மாதக்கணக்கில் போகும் வேலை இது, பொறுமை இல்லாத பிள்ளைக்குச் சரிவராது.

வேலைவாய்ப்பை மறைக்காமல் சொல்கிறேன். இந்தத் துறையில் பெரிய கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்: ஜெர்மனியில் டார்ம்ஷ்டாட் நகரத்து மெர்க், ஜப்பானில் ஜேஎன்சி, பிறகு வளர்ந்து வந்த சில சீன நிறுவனங்கள். இந்தியாவில் டிவி அசெம்பிளி நடக்கிறது, பேனல் பெரும்பாலும் இறக்குமதிதான். போதாததற்கு விலை கூடிய போன்களெல்லாம் லிக்விட் கிரிஸ்டலே தேவைப்படாத, தானே ஒளிரும் ஓஎல்இடி திரைக்குப் போய்விட்டன. அதனால் பதினேழு வயதில் "லிக்விட் கிரிஸ்டல் மட்டும்தான்" என்று முடிவெடுக்க வேண்டாம். ஆனால் இதற்காகக் கற்கும் கைவேலை வீண்போகாது. வளையங்களை இணைக்க இங்கே பயன்படும் சுசுகி ரியாக்‌ஷன் (2010-இல் நோபல் வாங்கியது) ஓஎல்இடி பொருட்களுக்கும் வேண்டும், மருந்து கம்பெனிக்கும் வேண்டும். மருந்து ஆராய்ச்சி வேலை நம் நாட்டிலேயே நிறைய இருக்கிறது. மூலக்கூறு செய்யத் தெரிந்த பிள்ளை சும்மா உட்கார வேண்டியதில்லை என்பது என் உறுதியான நம்பிக்கை.

படிக்க நல்ல இடம் பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். சந்திரசேகரும் (சர் சி.வி. ராமனின் மருமகன் முறை, சகோதரி மகன்) சக ஆய்வாளர்களும் 1977-இல் தட்டு வடிவ மூலக்கூறுகளும் லிக்விட் கிரிஸ்டலாகும் என்று கண்டுபிடித்தார்கள். அந்த வகைப் பொருளை வைத்துத்தான் பின்னாளில் ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம், திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியவைக்கும் படலத்தைச் செய்தது. சந்திரசேகர் தொடங்கிய மையம் இன்று சென்ஸ் (நானோ மற்றும் மென்பொருள்களை, அதாவது லிக்விட் கிரிஸ்டல் போன்ற மென்மையான பொருட்களை ஆராயும் மையம்) என்ற பெயரில் பெங்களூருவிலேயே இயங்குகிறது, அங்கே பிஎச்டி செய்யலாம்.

வழி இதுதான். பிளஸ் டூ முடித்ததும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர் அல்லது நைசரில் ஐந்து வருடப் படிப்பு. கிடைக்காவிட்டால் நல்ல லேப் உள்ள கல்லூரியில் பிஎஸ்சி கெமிஸ்ட்ரி, பிறகு ஜாம் நுழைவுத்தேர்வு எழுதி ஐஐடியில் எம்எஸ்சி. அதற்குப் பின் நெட் அல்லது கேட் தேர்வு வழியாக பிஎச்டி. இந்த வேலைக்கு பிஎச்டி கிட்டத்தட்ட கட்டாயம், ஆக மொத்தம் பத்து வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு காலம் நாம் எப்படிச் செலவு செய்வது என்று பயப்பட வேண்டாம், ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023-இல் உயர்த்தியபடி மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் அவளுக்கே வரும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஐசருக்கு ஐஏடி, நைசருக்கு நெஸ்ட் என்று தனித்தனி நுழைவுத்தேர்வு. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் பதிந்தால் இதுவும் சேர்ந்துவிடும் என்று நினைத்துப் பலர் தேதியைத் தவறவிடுகிறார்கள். பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல், இரண்டு இணையதளங்களையும் பொதுத்தேர்வு சமயத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்து, திறந்தவுடன் விண்ணப்பித்துவிடுங்கள்.