எக்செலில் உள்ள ஆள்கூறுகளைக் கூகிள் ஏர்த்தில் கோடாக வரைவது எப்படி?

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்திலிருந்து முகத்துவாரம் வரை வாவிக்கரையில் எடுத்த ஆள்கூறுகள் வெறும் புள்ளிகளாகவே விழுகின்றன என்கிறீர்கள். விழத்தான் செய்யும். சிஎஸ்வி கோப்பின் (எக்செல் அட்டவணையைக் கமாக்களால் பிரித்துச் சேமித்த வெறும் எழுத்துக்கோப்பு) ஒவ்வொரு நிரையையும் கூகிள் ஏர்த் புரோ தனிப் புள்ளியாகவே எடுத்துக்கொள்ளும். கோட்டுக்குக் கேஎம்எல் கோப்பு (புள்ளி, கோடு முதலியவற்றை ஏர்த்துக்கு எழுத்தில் சொல்லும் கோப்பு) வேண்டும்.

அதை முதலிலிருந்து எழுதி மினக்கெட வேண்டாம். ஏர்த்திலேயே ஒரு பொய்க்கோடு கீறி, கேஎம்எல்லாகச் சேமித்து (கேஎம்இசட் வேண்டாம், அது சுருக்கிக் கட்டிய பொதி), நோட்பேடில் திறந்து, அதிலுள்ள ஆள்கூறுகளுக்குப் பதிலாக உங்களுடையவற்றை ஒட்டுங்கள்.

ஒழுங்குதான் ஆளைக் கவிழ்க்கும். நாம் அகலாங்கை முதலில் சொல்லிப் பழகியவர்கள். கேஎம்எல்லுக்கோ நெட்டாங்கு முதலில் வரவேண்டும். மட்டக்களப்பு என்றால் 81.7,7.7,0 என்ற மாதிரி (கடைசி 0 உயரம்). கமாவுக்குப் பின் இடைவெளி கூடாது. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் மட்டும் விடுங்கள். எக்செலில் & குறியால் கலங்களை இணைத்தால் எல்லாம் ஒரே நிரலில் வந்துவிடும். முதல்முறை நான் மாற்றிப்போட்டதில் எங்கள் வாவிக்கரை ஆர்க்டிக் கடலில் போய் மிதந்தது!

தசமதானங்களையும் வெட்டாதீர்கள். இரண்டோடு நிறுத்தினால் அரைக் கிலோமீட்டருக்கு மேலும் பிசகலாம். கோடு தண்ணீருக்குள் இறங்கிவிடும். ஐந்து இருந்தால் ஏறக்குறைய 1 மீட்டர்வரை சரியாக இருக்கும்.