சுவரில் ஏறத் தெரியாத பல்லி: சிறுத்தைப் பல்லி கேள்வி பதில்

கேள்வி: பல்லி என்றால் சுவரில்தானே இருக்கும்? இது ஏன் தரையிலேயே கிடக்கிறது?

பதில்: விரலைப் பாருங்கள், புரிந்துவிடும். வீட்டுப் பல்லிக்கு விரலடியில் இருக்கிற ஒட்டும் மடிப்புகள் இதற்குக் கிடையாது, நகம் மட்டும்தான், அதனால் வழவழப்பான சுவரில் விட்டால் சறுக்கி விழும். கரடுமுரடான கல்லில் ஏறிவிடும். பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடர், கிழக்கு ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா என்று வறண்ட மலையடிவாரங்கள்தான் இதன் இடம். பகலெல்லாம் கல்லிடுக்கில் முடங்கிக் கிடந்து, இருட்டியதும் பூச்சி தேடிக் கிளம்பும்.

கேள்வி: ஒரு போட்டோவில் கண்ணை மூடியிருக்கிறதே, எடிட்டா?

பதில்: இல்லை. இதற்கு நிஜமாகவே அசையும் இமை உண்டு. வீட்டுப் பல்லி நாக்கால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்திருப்பீர்கள், இமை இல்லாததால் அதற்கு அந்தப் பாடு.

கேள்வி: விஷமா? எங்கள் ஊரில் அரணை கடித்தால் மரணம் என்பார்கள்.

பதில்: அரணைக்கும் விஷமில்லை, இதற்கும் இல்லை. வேடிக்கை என்னவென்றால் இது வாழும் ஊர்களிலும் இதே கதைதான், கடித்தால் பிழைக்க மாட்டோம் என்று பயந்து அடித்துவிடுகிறார்கள். பாவம்.

கேள்வி: வால் ஏன் இவ்வளவு தடி?

பதில்: கொழுப்பு. பூச்சி கிடைக்காத நாட்களில் அதை வைத்துத்தான் பிழைப்பு. எதிரி பிடித்தால் வாலைக் கழற்றிப் போட்டு ஓடிவிடும். திரும்ப முளைக்கும், ஆனால் பழைய அழகு வராது, குட்டையாக முள்ளங்கி மாதிரி உருண்டிருக்கும். சேமிப்பு மொத்தமும் போய்விடுவதால் விளையாட்டுக்குக்கூட வாலைப் பிடிக்காதீர்கள்.

கேள்வி: முட்டையின் சூடுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்குமாமே?

பதில்: ஆமாம், அதுவும் நேர்க்கோட்டில் இல்லை. சுமார் 26 டிகிரியில் பெரும்பாலும் பெண், 32 பக்கம் போனால் ஆண் அதிகம், 34ஐத் தாண்டினால் மறுபடி பெண்தான் அதிகம். ஒரு தடவைக்கு வழக்கமாக இரண்டு முட்டை.

கேள்வி: பட்டை போட்டது, புள்ளி போட்டது, இரண்டும் வேறு வேறா?

பதில்: ஒன்றேதான். பட்டை குஞ்சுக்கு, வளர வளரப் புள்ளி.

கேள்வி: நம் பக்கம் பார்க்க முடியுமா?

பதில்: இந்த இனம் தமிழ்நாட்டில் இல்லை. ஒடிசா, ஆந்திரப் பக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலையில் இதன் பங்காளி ஒன்று இருக்கிறது. மத்திய இந்தியாவின் சாத்பூரா மலையில் இன்னொன்று, அதற்கு 2014இல்தான் பெயரே வைத்தார்கள்.

கேள்வி: ஆந்திரா போகிறேன். பார்த்தால் போட்டோ அனுப்பட்டுமா?

பதில்: தாராளமாக. கல்லைப் புரட்டாதீர்கள், தள்ளி நின்று எடுங்கள். பல்லியின் விரல் தெரியட்டும், ஒட்டும் மடிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம்.