நான்கு கட்டங்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் ஃப்ரீமாண்டில் இருக்கிறேன். திருநெல்வேலியில் பிளஸ் டூ முடித்த கையோடு, அப்பாவின் வேலைக்காக எல்லோரும் கலிஃபோர்னியா வந்துவிட்டோம். பட்டத்தின் முதல் இரண்டு வருடப் பாடங்களை நடத்தும் கம்யூனிட்டி காலேஜான டி ஆன்சாவில் இரண்டு வருடம் படித்தேன். இப்போது பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. எக்கனாமிக்ஸ், நேராக மூன்றாம் வருடம். ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்குகிறது.

சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருக்கிறது. டி ஆன்சாவில் ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருப்போம், ஆசிரியருக்கு என் பெயர் தெரியும். அங்கே ஒரே அரங்கில் நூற்றுக்கணக்கான பேராம். மற்றவர்கள் இரண்டு வருடமாக அங்கேயே இருப்பவர்கள். நான் பாதியில் ஏறுகிறவள். முதல் செமஸ்டரிலேயே கஷ்டமான பாடங்களையெல்லாம் எடுத்து முடித்துவிடு என்கிறாள் தோழி. வாடகை கட்டுப்படியாகாது, வீட்டிலிருந்தே ரயிலில் போய் வா என்கிறார் அப்பா. எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

எம்., ஃப்ரீமாண்ட்

*

அன்புள்ள எம்.,

முதலில் வாழ்த்து. அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

"பாதியில் ஏறுகிறவள்" என்ற வார்த்தை இரண்டு நாளாக மனதைவிட்டுப் போகவில்லை. நானும் அப்படி ஏறியவள்தான். 2003-இல், வேறொரு மாநிலத்தில், பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்தேன். முதல் வாரம் ஆலோசகர் என் தாளைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார். நம்பினேன். மூன்றாவது செமஸ்டரில், நவம்பர் மாதம், கடைசியாக எடுக்க வேண்டிய பாடத்துக்குப் பதிவு செய்யப் போனால் உள்ளே விடவில்லை. அதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய பாடம் ஒன்று இருந்தது. அது ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டரில் மட்டும்தான் நடக்கும். அந்த ஒரு பாடத்துக்காக ஒரு வருடம் கூடுதலாக இருந்தேன். ஊரில் அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. போனில் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. அப்புறம் "சாப்பிட்டியா" என்று கேட்டார்.

முதல் வருடத்திலேயே சேர்ந்தவர்களுக்கு எட்டு செமஸ்டர். ஒரு பாடத்தில் தடுக்கி விழுந்தாலும் எழுந்து நடக்க அவர்களுக்கு இடம் இருக்கிறது. உனக்கு இருப்பது நான்கு. எனக்கு அன்று யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும். உனக்கு நான் சொல்கிறேன்.

இன்று ராத்திரியே ஒரு வெள்ளைத் தாளைக் குறுக்காக வைத்து நான்கு கட்டம் போடு. ஒவ்வொரு கட்டமும் ஒரு செமஸ்டர். பாடங்களின் அளவை யூனிட்டில் கணக்கிடுவார்கள். பட்டத்துக்கு மொத்தம் 120 செமஸ்டர் யூனிட் வேண்டும். டி ஆன்சாவில் செமஸ்டரைவிடச் சின்னதான குவார்ட்டர்களாகப் பாடம் நடக்கிறது, அதனால் நீ எடுத்தவை குவார்ட்டர் யூனிட்கள். அவற்றை மூன்றில் இரண்டாகக் கணக்கிட வேண்டும். 90 குவார்ட்டர் யூனிட் என்றால் பெர்க்லியில் அது 60. மீதி 60-ஐ நான்காக வகுத்தால் செமஸ்டருக்கு 15. கம்யூனிட்டி காலேஜிலிருந்து எவ்வளவு கொண்டுபோனாலும் 70 செமஸ்டர் யூனிட்டுக்கு மேல் கணக்கில் சேராது. அதனால் அதிகம் படித்திருக்கிறோம், சமாளித்துவிடலாம் என்று இருந்துவிடாதே.

இனி கட்டங்களைக் கடைசியிலிருந்து நிரப்பு. முதல் கட்டத்திலிருந்து நிரப்பத் தொடங்கினால் கைக்குக் கிடைத்த பாடங்களைப் போட்டுக்கொண்டே போவோம், மாட்டிக்கொள்வது கடைசியில்தான் தெரியும். கடைசி செமஸ்டரில் நீ ஆசைப்பட்டு எடுக்க நினைக்கும் பாடம் எது? அதற்கு முன்னால் எது முடிந்திருக்க வேண்டும், அதற்கும் முன்னால் எது? எந்தப் பாடம் ஆகஸ்டில் மட்டும், எது ஜனவரியில் மட்டும் நடக்கிறது? எக்கனாமிக்ஸில் இடைநிலை மைக்ரோவும் மேக்ரோவும் முடித்தால்தான் மேலே உள்ள பல பாடங்கள் திறக்கும். புள்ளிவிவரங்களை வைத்துப் பொருளாதாரத்தை ஆராயும் எக்கனாமெட்ரிக்ஸை ஆறப்போடாதே. அமெரிக்கன் கல்ச்சர்ஸ் என்று ஒரு பாடம் பெர்க்லியில் இளங்கலை படிக்கும் எல்லோருக்கும் கட்டாயம். டி ஆன்சாவில் எடுத்த ஏதாவது ஒன்று அதற்குச் செல்லுமா என்று இப்போதே பார்த்துக்கொள். எந்த காலேஜ் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடாகும் என்று காட்டும் அசிஸ்ட் இணையதளம் உனக்குத் தெரிந்ததுதான், இரண்டு வருடமாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்திருப்பாய்.

இந்தத் தாளோடு ஆலோசகரிடம் போ. "நான் எதை எடுக்க வேண்டும்" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். தாளை மேசையில் வைத்து "இதில் எது நடக்காது" என்று கேள். அவரும் குனிந்து பார்ப்பார், பேனாவை எடுப்பார். அவர் சொன்னதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, நான் புரிந்துகொண்டது சரியா என்று கேட்டுவிடு.

இனி தோழி சொன்ன யோசனை. வேண்டாம். டி ஆன்சாவில் வாங்கிய கிரேடுகள் உன்னை உள்ளே கொண்டுவந்ததோடு சரி, பெர்க்லியின் ஜி.பி.ஏ.வில், அதாவது கிரேடுகளின் சராசரியில், அவை சேராது. அங்கே பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறாய். முதல் செமஸ்டரில் சறுக்கினால் அதைத் தாங்கிப் பிடிக்கப் பழைய மதிப்பெண்கள் எதுவும் கிடையாது. இடம் மாறி வருகிறவர்களுக்கு முதல் செமஸ்டரில் மதிப்பெண் இறங்குவது பலருக்கும் நடக்கிற விஷயம்தான். இதற்கு 'டிரான்ஸ்ஃபர் ஷாக்' என்று பெயர் வைத்து ஜான் ஹில்ஸ் என்பவர் 1965-லேயே எழுதியிருக்கிறார். பெரும்பாலானவர்கள் அடுத்தடுத்த செமஸ்டர்களில் மீண்டுவிடுகிறார்கள் என்பதையும் அந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மீள்வதற்கு உன்னிடம் மூன்று செமஸ்டர்தான் மிச்சம் இருக்கும். அதனால் முதல் செமஸ்டரில் கனமான பாடம் இரண்டு போதும், கூடவே லேசான ஒன்றிரண்டு. குறையும் யூனிட்களைக் கோடை வகுப்பில் எடுத்துக்கொள்ளலாம்.

குவார்ட்டர் முறையிலிருந்து செமஸ்டருக்குப் போவதும் ஒரு பழக்கம்தான். டி ஆன்சாவில் தொடங்கிய வேகத்தில் முடிந்துவிடும், அதனால் ஓடிக்கொண்டே இருந்திருப்பாய். பதினைந்து வார செமஸ்டரில் முதல் மூன்று வாரம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். நம்பாதே. பிற்பாடு எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்.

வகுப்புப் பதிவு திறந்ததும் பதறாதே. ஏற்கெனவே அங்கே படிப்பவர்கள் முன்கூட்டியே இடம் பிடித்திருப்பார்கள். வெயிட்லிஸ்டில் நிற்க வேண்டி வந்தால் நின்றுகொள், முதல் வாரம் வகுப்புக்குப் போய் உட்கார். ஆட்கள் விலகிக்கொண்டேதான் இருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மாற்றுப் பாடம் தாளின் ஓரத்தில் எழுதியிருக்க வேண்டும்.

டி ஆன்சாவின் இறுதி மார்க் பட்டியலை அனுப்பிவிட்டாயா? ஜூன் கடைசியில் மார்க் வரும், பெர்க்லி கேட்கும் கெடு அதை ஒட்டியே இருக்கும். சேர்க்கைக் கடிதத்தை எடுத்துத் தேதியைப் பார். இதை விட்டதால் கிடைத்த இடம் கைநழுவும் நிலைக்குப் போனவர்கள் உண்டு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: அரசின் செவிஸ் கணினியில் உள்ள உங்கள் மாணவர் பதிவைப் பழைய காலேஜ் விடுவித்து, புதிய இடம் தரும் ஐ-20 சான்று கைக்கு வரும்வரை ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள்.

அப்பா சொல்வதும் நியாயம்தான். பெர்க்லி வாடகை எனக்குத் தெரியும். ஃப்ரீமாண்டிலிருந்து பார்ட் ரயிலின் ஆரஞ்சு லைன் வண்டி மாறாமல் டவுன்டவுன் பெர்க்லி வரை போகிறது. முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள், அப்புறம் மேட்டில் ஏறி நடக்க வேண்டும். ரயிலில் போய்வருவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் கால் தானாக ஸ்டேஷனுக்குத் திரும்பும். கம்யூனிட்டி காலேஜ் ஒன்றில் பத்து வருடமாகக் கணக்குச் சொல்லித்தருகிறேன். அங்கிருந்து பெரிய இடத்துக்குப் போன பிள்ளைகளில் கஷ்டப்பட்டவர்கள் பலரும் இப்படி வகுப்புக்கு மட்டும் போய்த் திரும்பியவர்கள்தான். வாரத்தில் மூன்று நாள் வகுப்பை வைத்துக்கொள், ஆனால் அந்த மூன்று நாளும் சாயங்காலம் வரை அங்கேயே இரு. டிபன் பாக்ஸ் கொண்டுபோ. அதை யாருடனாவது உட்கார்ந்து சாப்பிடு.

அரங்கில் ஐந்நூறு பேர் இருந்தாலும், ஆசிரியரை நேரில் பார்த்துச் சந்தேகம் கேட்கும் ஆஃபீஸ் ஹவர்ஸில் ஐந்து பேர்தான் இருப்பார்கள். என் அக்கா மகன் பெர்க்லியில் படித்தபோது முதல் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. கேட்க என்ன இருக்கிறது, கேட்டால் முட்டாள் என்று நினைப்பார்கள் என்பான். ஒரு நாள் போயிருக்கிறான். சின்ன அறை, வட்ட மேசை, ஜி.எஸ்.ஐ. எனப்படும் மாணவ ஆசிரியர் ஒருவர், சுற்றி நான்கு பேர். பக்கத்துப் பையன் கேட்ட கேள்வி இவன் கேட்க வெட்கப்பட்ட அதே கேள்வி. அந்தப் பையன் முதல் வருடத்திலிருந்து அங்கேயே இருப்பவன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து "சித்தி, அவங்களுக்கும் புரியல" என்று அவன் சொன்ன முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதல் வாரமே போ. கேள்வி இல்லாவிட்டாலும் போ. பெயரைச் சொல், டி ஆன்சாவிலிருந்து வந்திருக்கிறேன் என்றும் சொல். மாற்றலாகி வருகிறவர்களுக்கென்றே அங்கே ஒரு மையமும் இருக்கிறது, அதையும் எட்டிப் பார்.

பெர்க்லி நேரம் என்று ஒன்று உண்டு. பத்து மணி வகுப்பு பத்து மணி பத்து நிமிடத்துக்குத்தான் தொடங்கும். முதல் நாள் காலி அரங்கைப் பார்த்துப் பயந்துவிடாதே. ட்வினெல் ஹாலில் வகுப்பு இருந்தால் மட்டும் முந்தின நாளே போய் அறையைக் கண்டுபிடித்து வைத்துக்கொள். அது மேட்டுநிலத்தில் கட்டிய கட்டடம். தளங்களுக்கு எண் கிடையாது, எழுத்துகள்தான். எந்த வாசலில் நுழைந்தோம் என்பதைப் பொறுத்து தரைத்தளமே மாறும். தெற்காசியத் துறை இருப்பதும் அங்கேதான். தமிழ் செம்மொழிதான் என்று 2000-இல் கடிதம் எழுதிய ஜார்ஜ் ஹார்ட் பல வருடம் பேராசிரியராக இருந்த துறை அது. அமெரிக்கத் தமிழர்கள் பணம் சேர்த்து ஒரு தமிழ் இருக்கையும் அங்கே அமைத்தார்கள். சங்கப் பாட்டு படிக்கிற வகுப்பு ஏதாவது நடக்கிறதா என்று கேட்டுப் பார். நடந்தால் அந்த லேசான பாடங்களில் ஒன்றாக அதை எடு. நூற்றுக்கணக்கான பேர் நடுவே உட்கார்ந்துவிட்டு வரும் நாளில், நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு குறுந்தொகைப் பாட்டை வாசிக்கும் அறை உனக்கு வேண்டியிருக்கும்.

அம்மாவுக்கு ராத்திரி ரயில் பற்றிக் கவலை இருக்கும். நீ எழுதவில்லை, ஆனால் இருக்கும். வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் அவர்களையும் கூட்டிக்கொண்டு அதே ரயிலில் போய் வா. நீ எங்கே உட்கார்ந்து படிப்பாய், எந்த வழியாக ஸ்டேஷனுக்கு நடப்பாய் என்று காட்டு.

நான்கு கட்டத் தாளை நிரப்பியதும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ஆலோசகரிடம் போவதற்கு முன்னால் நான் ஒரு தடவை பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா