ஆய்வாளர் கேள்வி-பதில்: ஒருவருக்கு இரண்டு பக்கங்கள் இருந்தால்

கேள்வி: சேலத்தில் வேதியியல் உதவிப் பேராசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் நிறுவனத்தின் ஆய்வு வெளியீட்டுப் பதிவகத்தில் என் கட்டுரைகள் இரண்டு பக்கங்களாகப் பிரிந்து கிடக்கின்றன. இரண்டிலும் எச்-இண்டெக்ஸ் 3 என்று காட்டுகிறது. சேர்த்துவிட்டால் 6 ஆகிவிடும் என்று உடன் பணிபுரிபவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: ஆகாது. எச்-இண்டெக்ஸ் கூட்டிச் சொல்லும் எண் அல்ல. இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005ஆம் ஆண்டில் முன்வைத்த வரையறைப்படி, ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின், அதாவது ஒவ்வொன்றையும் பிற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டியிருக்கின்றன என்பதன், இறங்கு வரிசையில் அடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, நான்காவது கட்டுரைக்குக் குறைந்தது 4 மேற்கோள்கள் இருந்து, ஐந்தாவதற்கு 5 இல்லையென்றால், அவருடைய எண் 4. உங்கள் முதல் பக்கத்தில் 10, 7, 4, 2 என்றும் இரண்டாவதில் 9, 3, 3 என்றும் மேற்கோள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தனித்தனியே இரண்டுக்கும் 3தான். சேர்த்து அடுக்கினால் 10, 9, 7, 4, 3, 3, 2 என்று வரும். எண் 4 ஆகும். மொத்த மேற்கோள்கள் மட்டுமே 23, 15 என்பவை கூடி 38 ஆகும்.

பிரிவுக்குக் காரணம் பெரும்பாலும் நம் முதலெழுத்து வழக்கம்தான். செல்வி என்ற பெயருடைய ஒருவர் ஓர் இதழில் ‘எம். செல்வி’ என்றும், மற்றொன்றில் ‘செல்வி எம்.’ என்றும், குடும்பப் பெயரைக் கட்டாயம் கேட்கும் இதழில் தந்தையின் முழுப்பெயரைச் சேர்த்தும், திருமணத்துக்குப் பிறகு கணவருடைய முதலெழுத்தோடும் எழுதியிருப்பார். குடும்பப் பெயரை வைத்தே ஆளை அடையாளம் காணப் பழக்கப்பட்ட மென்பொருளுக்கு இவர் நான்கு பேர். இதற்காகவே 2012இல் ஆர்கிட் எண் நடைமுறைக்கு வந்தது. (ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்த்தவர்கள் இதையும் பூவோடு குழப்பிக்கொள்வதுண்டு; இது 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண்.) கட்டணமின்றிப் பெறலாம். பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது.

திருத்தும்போது வரிசை முக்கியம். பதிவகம் பல இடங்களில், ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்களிலிருந்தே எண்களை எடுத்துக்கொள்கிறது. ஊற்றில் இருக்கும் பிழையை விட்டுவிட்டு வாய்க்காலை மட்டும் தூர்வாரினால், அடுத்த புதுப்பிப்பில் பழைய கலங்கலே திரும்பி வரும். ஆகவே முதலில் ஸ்கோபஸில் இரண்டு ஆசிரியர் பக்கங்களையும் இணைக்கும்படி அதன் திருத்தப் படிவம் வழியாகக் கேளுங்கள். பிறகு உங்கள் ஆர்கிட் பக்கத்தில் விடுபட்ட கட்டுரைகளைச் சேருங்கள். கடைசியாகப் பதிவகப் பொறுப்பாளரிடம் இரண்டு பக்கங்களையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள். அதே பெயருடைய வேறொருவரின் கட்டுரை உங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், உங்கள் எண் குறைந்தாலும் அதை நீக்கச் சொல்வதே முறை.

கேள்வி: கல்லூரி நூலகராக ஆண்டறிக்கைக்கு விவரம் திரட்டுகிறேன். ஒரே ஆசிரியருக்கு கூகுள் ஸ்காலரில் 61 மேற்கோள்கள், ஸ்கோபஸில் 22. எது சரி?
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். ஒவ்வொரு தரவுத்தளமும் தன் வலைக்குள் விழுந்தவற்றை மட்டுமே எண்ணுகிறது. ஸ்கோபஸ், தான் தேர்ந்தெடுத்த இதழ்கள், மாநாட்டு வெளியீடுகள், நூல்கள் ஆகியவற்றோடு நிற்கிறது. கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும், இதழில் வருமுன்பே இணையத்தில் இடப்படும் முன்வரைவுகளையும் சேர்த்துக்கொள்வதால் பெரும்பாலும் கூடுதலாகக் காட்டும். ஓர் ஆசிரியருக்கு இங்கிருந்தும் இன்னொருவருக்கு அங்கிருந்தும் எடுத்து, யாருக்கு எது பெரிதோ அதைப் போடுவதுதான் தவறு. எல்லோருக்கும் ஒரே மூலத்தைக் கொள்ளுங்கள். எண்ணின் பக்கத்திலேயே மூலத்தின் பெயரையும் எடுத்த தேதியையும் எழுதுங்கள். தேதியில்லாத மேற்கோள் எண்ணிக்கை, தேதியில்லாத வங்கி இருப்பைப் போன்றது.

கேள்வி: என் கட்டுரைகளை நானே மேற்கோள் காட்டலாமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: தொடர்ச்சியான ஆய்வில் அது இயல்பு. எண்ணை ஏற்றுவதற்காகத் தொடர்பில்லாத இடத்தில் செருகினால் எளிதில் தெரிந்துவிடும். தன்மேற்கோள்களைக் கழித்துவிட்டுக் காட்டும் வசதி ஸ்கோபஸிலேயே இருக்கிறது.

கேள்வி: சேர்வராயன் மலைவாழ் மக்களின் வாய்மொழிப் பாடல்களைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறேன். பதிவகத்தில் என் பெயருக்கு எதிரே மேற்கோள் 0 என்று இருக்கிறது. பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.
– ஆய்வாளர், ஏற்காடு

பதில்: உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது, ஆனால் கூச்சப்பட வேண்டியது நீங்கள் அல்ல. ஸ்கோபஸில் ஓர் இதழ் இடம்பெற வேண்டுமானால், கட்டுரைத் தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்திலும், துணைநூல் பட்டியல் ரோமன் எழுத்திலும் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. நம் தமிழ் ஆய்விதழ்களில் பல இந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன. ஆகவே உங்களை யாரும் மேற்கோள் காட்டவில்லை என்று அந்த 0 சொல்லவில்லை. எண்ணிப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்கிறது. எண்ணிப் பார்த்தும் இல்லாததும், எண்ணப்படாததும் ஒன்றல்ல. முன்னதற்கு 0 போடலாம், பின்னதற்குக் கட்டத்தை வெறுமையாகவே விட வேண்டும். ஆய்வு மதிப்பீட்டு வல்லுநர்கள் 2015இல் வெளியிட்ட லெய்டன் அறிக்கையும், வட்டாரம் சார்ந்த ஆய்வின் தரத்தைக் காக்க வேண்டும் என்பதைத் தன் பத்து நெறிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

பதிவகப் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி, உங்கள் துறையினருக்கு 0 என்பதற்குப் பதிலாக ‘இத்தரவுத்தளத்தில் இடம்பெறவில்லை’ என்று காட்டும்படி கேளுங்கள். உங்கள் நூல்களை அவற்றின் ஐஎஸ்பிஎன் எண்ணோடு நூல் என்ற வகையிலேயே பதியுங்கள். பலர் கட்டுரை வகையில் பதிந்துவிட்டுப் பிறகு தேடுகிறார்கள். உங்கள் ஆய்வைப் பயன்படுத்திய தமிழ் நூல்களையும் ஆய்வேடுகளையும் பக்க எண்ணோடு ஒரு பட்டியலாக்கி, மதிப்பீட்டுப் படிவத்துடன் இணைத்துக் கொடுங்கள். அடுத்த கட்டுரையை அனுப்பும்போது, டிஓஐ எண் (இணையத்தில் கட்டுரையை அடையாளம் காட்டும் நிலையான எண்) வழங்கும் தமிழிதழாகப் பார்த்து அனுப்புங்கள்.